உஷார்! வியூஸ் விழுகிற வாரம்தான் கண்டம்

"மாமா, தூங்கிட்டீங்களா?"

ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு என் சின்ன மச்சினன் போன் செய்தான். பொள்ளாச்சியில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அந்த நேரத்தில் போன் அடித்தால் வீட்டில் பெரியவர்கள் யாருக்கோ முடியவில்லை என்றுதான் நெஞ்சு பதறும். அவன் குரலும் அப்படித்தான் இருந்தது.

"சேனல் படுத்துருச்சுங்க மாமா. போன வாரம் வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் வியூஸ். இன்னைக்கு எழுவது. என்னைய அமுக்கிட்டாங்க."

யார் அமுக்கினார்கள் என்று கேட்டேன். "அல்காரிதம்" என்றான், ஏதோ பக்கத்துக் கடைக்காரர் பெயரைச் சொல்வதுபோல.

போனை அணைத்துவிட்டுப் படு மாப்ள என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவன் நான். எனக்கும் அந்த யூடியூப் ஸ்டுடியோ ஆப்பைத் திறந்து பார்க்கிற வியாதி உண்டு. இருவரும் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து, கடந்த 48 மணி நேரத்து நீலக் கோடுகள் குட்டையாகிக்கொண்டே போவதை ஒரு மணி வரை பார்த்தோம். அதற்கடுத்த மூன்று வாரத்தில் நடந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்று இரவு இதே கோட்டைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கும் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அடுத்த பொத்தானை அழுத்துமுன் கொஞ்சம் நில்லுங்கள். அல்காரிதம் கொன்ற சேனல்களைவிட, அல்காரிதத்துக்குப் பயந்து உடையவனே கழுத்தை நெரித்த சேனல்கள்தான் அதிகம் என்பது என் கணக்கு.

முதலில் அவன் சேனல் ஏறிய கதை. ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸி சட்டென்று நின்றுவிடும். பயந்துவிடுவோம். பெரும்பாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சுமை தாங்காமல் ஓவர்லோடு சுவிட்ச் விழுந்திருக்கும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, மிக்ஸியைச் சாய்த்து, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். இதை மூன்றரை நிமிஷத்தில் காட்டியிருந்தான். கடைக்கு வரவேண்டிய வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும் வீடியோ. அவன் அப்பா திட்டினார். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்த வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது.

தீபாவளி முடிந்த நாலாம் நாள் விழுந்தது.

காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் வீடு வீடாக மாவு அரைத்தார்கள், மிக்ஸி நின்றது, யூடியூபில் தேடினார்கள். பண்டிகை முடிந்தது, மிக்ஸி நிற்கவில்லை, தேடவில்லை. ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று பிரித்துக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்திருந்தால் 'யூடியூப் தேடல்' என்ற ஒரு வரி மட்டும் சரிந்திருப்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நாங்கள் அதைத் திறந்தது மூன்று வாரம் கழித்து. அதற்குள் செய்யக்கூடாததையெல்லாம் செய்து முடித்திருந்தோம்.

இந்த இடத்தில் அல்காரிதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அது ஒரே இயந்திரமும் இல்லை, எங்கோ உட்கார்ந்து நம் சேனலை வெறுக்கும் ஆளும் இல்லை. முகப்புப் பக்கம், ஒரு வீடியோ முடிந்ததும் வரும் 'அடுத்தது', தேடல், ஷார்ட்ஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓடுகிறது. கூகுள் பொறியாளர்களே 2016-இல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் அடிப்படையை விளக்கியிருக்கிறார்கள்: லட்சக்கணக்கான வீடியோக்களிலிருந்து ஒரு ஆளுக்கு ஏற்ற சில நூறை முதலில் சலித்து எடுப்பது, பிறகு அந்தச் சில நூறை வரிசைப்படுத்துவது. கேள்வி எப்போதும் 'இந்த ஆளுக்கு இப்போது எது' என்பதுதான். 'இந்தச் சேனலுக்கு எவ்வளவு கொடுக்கலாம்' என்று அங்கே யாரும் கேட்பதில்லை. 2018-இல் யூடியூபின் அப்போதைய தயாரிப்புப் பிரிவுத் தலைவர் நீல் மோகன், மக்கள் பார்க்கும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பரிந்துரை வழியாக வருவது என்று சொன்னார். ஆக, நம் கடைக்குப் பலரைக் கையைப் பிடித்து அழைத்து வருவது வேறொருவர். அவர் நாளைக்கு வேறு தெருவில் திரும்பினால் கேட்க முடியாது.

திரும்பவும் செய்வார். 2012-இல் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதிலிருந்து எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்குக் கணக்கை மாற்றினார்கள். தலைப்பில் ஆசை காட்டியே பிழைத்தவர்களுக்கு அடி விழுந்தது. விளம்பர வருமானத்துக்கு 2017-இல் மொத்தம் 10,000 வியூஸ் போதும் என்றார்கள். அடுத்த ஆண்டே 1,000 சப்ஸ்கிரைபர், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் என்றார்கள். 2020 ஜனவரியில் குழந்தைகளுக்கான வீடியோக்களில் கமெண்ட்டும் தனிநபர் விளம்பரமும் நின்றன. யூடியூப் மட்டுமல்ல. 2019 ஏப்ரலில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை டிக்டாக்குக்கு இடைக்காலத் தடை போட்டு, அதே மாதக் கடைசியில் நீக்கியது. தப்பித்தோம் என்று இருந்தவர்கள் 2020 ஜூன் 29-ஆம் தேதி ராத்திரி மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதன் பெயரையும் பார்த்தார்கள். லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்களுக்கு மறுநாள் காலையில் கையில் ஒன்றுமில்லை.

சில சமயம் எண்ணே பொய் சொல்லும். 2025 ஆகஸ்ட் நடுவில் பல நாட்டுச் சேனல்களில் கம்ப்யூட்டர் வழியாக வரும் வியூஸ் மட்டும் திடீரென்று குறைந்தது. லைக்கும் வருமானமும் பெரிதாக அசையவில்லை. விளம்பரத் தடுப்பு மென்பொருள்கள் வியூஸ் எண்ணிக்கையைப் பாதிக்கலாம் என்று யூடியூப் பிறகு விளக்கம் சொன்னது. அந்த இடைவெளியில் எத்தனை பேர் பதறி எதையெல்லாம் அழித்தார்களோ.

பதறி அழித்தோம் நாங்களும். அது முதல் தப்பு.

வாட்ஸ்அப்பில் 'தமிழ் யூடியூபர்கள் வளர்ச்சிக் குழு' மாதிரி ஏதோ ஒரு பெயரில் ஒரு கூட்டம். அதில் ஒருவர், "பழைய டல் வீடியோ எல்லாம் சேனலைக் கீழே இழுக்கும், தூக்கிடுங்க ப்ரோ" என்றார். மச்சினன் ராத்திரியோடு ராத்திரியாக 14 வீடியோக்களை பிரைவேட் ஆக்கிவிட்டான். கிரைண்டர் பெல்ட் மாற்றுவது, கார்பன் பிரஷ் தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது, ஜாரின் கப்ளர் உடைந்தால் கழற்றுவது என்று மாதம் ஐம்பது, நூறு பேராவது தேடி வந்து பார்த்த வீடியோக்கள். இரண்டு நாளில் அவனுடைய 2,900 மணி நேரம் 2,300 ஆகிவிட்டது.

உஷார்! 4,000 மணி நேரக் கணக்கில் பொதுவில் இருக்கும் வீடியோக்களின் நேரம்தான் சேரும். பிரைவேட், அன்லிஸ்டட், டெலீட் செய்தது எதுவும் சேராது. நல்லவேளை, பிரைவேட்தான் ஆக்கியிருந்தான். திரும்பப் பப்ளிக் ஆக்கிய சில நாளில் எண் மேலே வந்தது. டெலீட் செய்திருந்தால் போனது போனதுதான். இதிலே இன்னொரு கண்ணி: அது கடந்த 365 நாள் கணக்கு. போன வருஷம் இதே நாளில் சேர்ந்த நேரம் இன்றைக்குக் கழன்றுவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிஷம். ஒருவர் சராசரியாக இரண்டு நிமிஷம் பார்த்தால் ஒரு வருஷத்துக்குள் 1,20,000 பார்வை வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் வேலையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கிலி.

இரண்டாவது தப்பு, ஷார்ட்ஸ். "மிக்ஸியில் செல்போனை அரைத்தால் என்ன ஆகும்?" எனக்குச் சொல்லாமலே எடுத்துப் போட்டுவிட்டான். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் செய்தேன் என்று பிறகு சத்தியம் செய்தான். வீடியோவில் அது தெரியவில்லையே! லித்தியம் பேட்டரி பிளேடில் சிக்கினால் தீப்பிடிக்கும். பார்க்கிற பத்து வயசுப் பையனுக்கு யார் சொல்வது? அவன் அக்கா, அதாவது என் வீட்டம்மா, போனிலேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். மறுநாள் அதைத் தூக்கினான். அதற்குள் அது மூன்று லட்சம் தாண்டியிருந்தது.

மூன்று லட்சத்தில் அவனுக்குக் கிடைத்தது என்ன? மணி நேரக் கணக்கில் பூஜ்ஜியம். ஷார்ட்ஸ் ஓடையில் பார்க்கப்படும் நேரம் அந்த 4,000-இல் சேராது. ஷார்ட்ஸுக்கென்று தனி வாசல் உண்டு, 90 நாளில் ஒரு கோடி வியூஸ். அந்த வியூஸும் முன்புபோல இல்லை. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒன்று என்று எண்ணுகிறார்கள். கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போனவரும் அதில் அடக்கம். வருமானத்துக்கு எடுத்துக்கொள்வது 'ஈடுபாட்டுப் பார்வை' என்ற வேறொரு, சிறிய எண்ணை. சப்ஸ்கிரைபர் மட்டும் 260 பேர் கூடினார்கள். ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்று குதித்தான். அடுத்த வீடியோ, டேபிள் டாப் கிரைண்டருக்குக் கேப்பாசிட்டர் மாற்றுவது. செல்போன் நொறுங்குவதைப் பார்க்க வந்தவருக்குக் கேப்பாசிட்டர் எதற்கு? முன்னால் காட்டப்பட்ட நூறு பேரில் ஆறு பேர் கிளிக் செய்துகொண்டிருந்தது இரண்டாகிவிட்டது. பாதிச் சேனல்களுக்கு இந்த விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்று யூடியூபின் உதவிப் பக்கமே சொல்கிறது, அதனால் இரண்டு என்பது உலகம் முடிந்ததாக ஆகாது. அவனுக்கு அப்படித் தெரியவில்லை.

சின்னவீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனலை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 2018-இல் தொடங்கி 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர். தாத்தாவும் பேரன்களும் அதே வயல்வெளியில் அதே அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். இடையில் ராகுல் காந்தி வந்து காளான் பிரியாணி சாப்பிட்டுப் போனார். சரிதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு அண்டாவோடு வயலுக்குப் போன மற்ற சேனல்களின் பெயர் ஒன்றாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கில்லை. ஜெயித்தவரைப் பார்த்து வழி கற்பதில் இந்த அபாயம் இருக்கிறது, தோற்றவர்கள் வீடியோ போடுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

இப்போது நிஜமான ஆபத்துக்கு வருகிறேன். நம் கோடு கீழே போகிற வாரத்தில் நம்மைத் தேடிக்கொண்டு சிலர் வருவார்கள். எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ.

ஒரு வகை, சப்ஸ்கிரைபர் வியாபாரி. 'ஆயிரம் சப், நாலாயிரம் ஹவர்ஸ், மானிடைசேஷன் கேரண்டி, அட்வான்ஸ் பாதி.' அந்தக் குழுவிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். காசு கொடுத்து வாங்கினாலும், 'நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடறேன்' என்று மாற்றிக்கொண்டாலும் யூடியூப் விதியில் அது போலி ஈடுபாடு, சேனலே போகலாம். போகாவிட்டாலும் அந்த ஆயிரம் பேர் ஆட்கள் இல்லை, யூடியூப் அவ்வப்போது களையெடுக்கும்போது கரைந்துவிடும் எண்கள். யூடியூபுக்கே காசு கட்டி விளம்பரமாக ஓட்டினாலும் அந்த விளம்பரம் வழியாக வந்த நேரம் 4,000-இல் சேராது. இதைச் சொல்லாமல் 'ப்ரமோஷன் பேக்கேஜ்' விற்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர்.

இதே சந்தையின் மறுமுனையில், 'வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய்' என்று டெலிகிராமில் ஆள் பிடிக்கிறார்கள். முதலில் நூறு, இருநூறு நிஜமாகவே கொடுத்து, பிறகு 'பிரீமியம் டாஸ்க்' என்று ஆயிரங்களைக் கட்டச் சொல்லிச் சுருட்டுவார்கள். வீட்டில் யாராவது மாட்டினால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அடியுங்கள். தாமதித்தால் பணம் கை மாறிக்கொண்டே போய்விடும்.

இன்னொரு வகை, ஸ்பான்சர். இதில்தான் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மச்சினனுக்கு இங்கிலீஷில் ஒரு மெயில். பெயர் தெரிந்த ஒரு மிக்ஸி கம்பெனியின் லோகோ. அந்தக் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது பிறகு தெரிந்தது. அவன் வீடியோவின் பெயரைச் சரியாகக் குறிப்பிட்டு, முப்பது வினாடி எங்கள் பொருளைக் காட்டினால் 25,000 ரூபாய், ஒப்பந்தத்தை இணைப்பில் படித்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தது. எழுபது வியூஸ் ஓடும் சேனலுக்கு இருபத்தைந்தாயிரம்! சந்தேகம் வந்திருக்க வேண்டும். பயந்த மனசுக்குச் சந்தேகம் வராது, சாமி கண் திறந்தது என்றுதான் தோன்றும். இணைப்பு ஒரு ஜிப் கோப்பு, திறக்கக் கடவுச்சொல் மெயிலிலேயே. கடையில் இருக்கும் பழைய லேப்டாப்பில் அந்த ஜிப்பைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டு எனக்கு அடித்தான்.

"மாமா, ஒப்பந்தம் எழுநூறு எம்.பி. இருக்குமுங்களா?"

வயிற்றைக் கலக்கிவிட்டது. நாலு பக்க ஒப்பந்தம் ஒரு எம்.பி. கூட வராது. வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் மிகப் பெரிய கோப்புகளைச் சோதிக்காமல் விடுவதுண்டு என்பதால், திருடர்கள் உள்ளே வெறும் பூஜ்ஜியங்களை அடைத்துக் கோப்பை ஊத வைக்கிறார்கள். ஜிப்புக்குக் கடவுச்சொல் போடுவதும் மெயில் சர்வர் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்கத்தான். 'தொடாதே, நெட்டைப் பிடுங்கு' என்று கத்தினேன். அவன் லேப்டாப்பில் அவ்வளவு இடமே இல்லாமல் ஜிப் பிரிவது பாதியில் நின்றிருந்தது. எட்டு வருஷப் பழசு, தட்டினால்தான் ஸ்கிரீன் வரும். அதற்கு ஒரு கோயில் கட்டலாம்.

முழுசாகப் பிரிந்து, அதை அவன் திறந்திருந்தால்? 2023 மார்ச் 23 அன்று கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் சேனலுக்கு நடந்ததுதான். ஒன்றரைக் கோடிக்கும் மேல் சப்ஸ்கிரைபர், கம்ப்யூட்டர் பற்றியே பேசும் சேனல், அதில் வேலை செய்பவர்கள் எல்லாம் விஷயம் தெரிந்தவர்கள். ஸ்பான்சர் அனுப்பியதுபோல வந்த பிடிஎஃப் மாதிரியான ஒரு கோப்பை ஒருவர் திறந்தார். அது பிரவுசரில் 'இவர் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கிறார்' என்று வைத்திருக்கும் அடையாளத் துண்டைத் திருடியது. அந்தத் துண்டு கையில் இருந்தால் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். விடிவதற்குள் சேனலின் பெயர் டெஸ்லா என்று மாறி, எலான் மஸ்க் படத்தோடு கிரிப்டோ மோசடி நேரலை ஓடிக்கொண்டிருந்தது. சேனல் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. கேப்பாசிட்டர் மாற்றும் பொள்ளாச்சிக்காரனுக்காக அத்தனை பேர் எழுந்து உட்காருவார்களா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருக்கிறேன், எனக்கென்ன என்று இருக்காதீர்கள். அது வேண்டும், ஆனால் இதற்குப் போதாது. நாங்கள் இப்போது செய்திருப்பது: வெளியாட்கள் மெயில் வரும் ஐடி வேறு, சேனலின் உரிமையாளர் ஐடி வேறு. உரிமையாளர் ஐடி அந்த லேப்டாப் பிரவுசரில் லாகின் ஆவதே இல்லை. எனக்கு அவன் கடவுச்சொல் தெரியாது. ஸ்டுடியோவின் அனுமதிப் பகுதியில் எடிட்டராக மட்டும் சேர்த்திருக்கிறான். விண்டோஸில் கோப்பின் பின்னொட்டு தெரியும்படி அமைப்பை மாற்றியிருக்கிறோம், பிடிஎஃப் வேஷம் போட்ட எஸ்.சி.ஆர். நிரல் கோப்பு அப்போதுதான் மாட்டும்.

யூடியூப் பெயரிலேயே வருவதும் உண்டு. 2025 மார்ச்சில், இப்போது தலைமைச் செயல் அதிகாரியாக இருக்கும் அதே நீல் மோகன் பேசுவதுபோல ஏ.ஐ.யில் தயாரித்த வீடியோவை, பிரைவேட் வீடியோவாகப் பகிர்ந்து 'மானிடைசேஷன் விதி மாறுகிறது, இங்கே உறுதி செய்யுங்கள்' என்று லிங்க் கொடுத்தார்கள். பிரைவேட் வீடியோ வழியாக நாங்கள் யாரையும் தொடர்புகொள்வதில்லை என்று யூடியூப் எச்சரித்தது. சேனல் பறிபோய்விட்டது என்று எக்ஸ் தளத்தில் நீங்கள் புலம்பினால் அடுத்த நிமிஷமே 'மீட்டுத் தருகிறேன்' என்று பத்துப் பேர் வருவார்கள். அவர்கள் இரண்டாம் திருடர்கள்.

காப்பிரைட் பயமும் அந்த வாரத்தில்தான் முற்றும். கடையில் எப்போதும் எஃப்.எம். பாடும், பின்னணியில் ஒரு பாட்டு பதிவாகி, 'கிளெய்ம்' வந்தது. மச்சினன் ஸ்டிரைக் என்று நினைத்து அலறினான். இரண்டும் வேறு. கிளெய்ம் என்றால் பெரும்பாலும் அந்த வீடியோவின் விளம்பரக் காசு பாட்டுக்காரருக்குப் போகும், அவ்வளவுதான். ஸ்டிரைக்தான் ஆபத்து, 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனல் காலி. 'காசு கொடு, இல்லையென்றால் ஸ்டிரைக் அடிப்பேன்' என்று மிரட்டுகிறவர்களும் உண்டு. 2019-இல் அமெரிக்காவில் அப்படி மிரட்டிய ஒருவர் மீது யூடியூபே வழக்குப் போட்டது. மிரட்டலுக்குப் பணம் அனுப்பாதீர்கள். இப்போது வீடியோ எடுக்கும்போது எஃப்.எம்.மை அணைத்துவிடுகிறான், தூரத்தில் பஸ் ஹார்ன் மட்டும் கேட்கிறது.

இதற்கிடையில் மச்சினன் கேமராவுக்கு ஈ.எம்.ஐ. போட இருந்ததை அவன் அக்காவே தடுத்துவிட்டாள். விளம்பர வருமான வாசலைத் தாண்டினாலும் நீண்ட வீடியோவின் விளம்பரத்தில் 55 சதவீதம், ஷார்ட்ஸில் 45 சதவீதம்தான் நம் பக்கம். ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும், பத்து டாலரில் வீட்டுக்குத் தபாலில் ஒரு பின் நம்பர் வரும், அதற்கே மாதங்கள் ஆகலாம். ஈ.எம்.ஐ. மாதம் ஐந்தாம் தேதி வந்துவிடும்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு ஸ்டுடியோவில் கோடு லேசாக எழுந்தது. உளுந்து வடை காரணமாக இருக்கலாம். மச்சினன் எனக்குப் போன் செய்யவில்லை, நானாகத்தான் பார்த்தேன். சாயங்காலம் அவனிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. புது மெயில். வேறு கம்பெனி லோகோ, முப்பதாயிரம் ரூபாய், ஜிப் கோப்பு, கடவுச்சொல் கீழே. அதன் அடியில் அவன் எழுதியிருந்தான்: "மாமா, ரேட் ஏத்தியிருக்கானுங்க."